கதகதப்பான கூடாரம்

கேப்டனம்மா அன்று காலை தேநீர்க் கெண்டியோடு வந்தார். கோப்பைகளைக் கொண்டுவர மறந்திருந்தார். ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றி வைக்காத பெண்மணி அவர். ஏதோ பெரிதாகத்தான் நடந்திருக்கிறது என்று அண்ணிக்குப் பட்டது.

"முதல்ல உட்காருங்க," என்று பக்கத்து மடக்கு நாற்காலியைக் காட்டினார் அண்ணி. "டீ எங்கயும் ஓடிப்போகாது."

கேப்டனம்மா உட்காரவில்லை. கெண்டியைத் தரையில் வைத்துவிட்டு நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

"மத்தியானம் ஃபாரஸ்ட் ரேஞ்சர் வர்றாராம். கொட்டகையை எரிச்சது என் தம்பிதான்னு எங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கப் போறார். காட்டுக்குள்ள நெருப்புன்னா சும்மா விடுவாங்களா? ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. அவன் ஜீப்புல ஏறினா நானும் பின்னாடியே ஏறிடுவேன், திரும்பி வரவே மாட்டேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'உன் இஷ்டம்'னார்." அப்போதுதான் அந்த அம்மாவுக்கு அழுகை வந்தது. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு ஒத்தை வார்த்தை. உன் இஷ்டமாம்!"

அண்ணி தன் கைக்குட்டையை நீட்டினார். அழுகை அடங்கும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைகள் சுற்றி நின்று பார்க்கும் ஏரி அது. கரையில் ஒரு துண்டு மணல், மணலை ஒட்டிக் கூடாரங்கள், கூடாரங்களுக்குப் பின்னால் ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு. நேற்றுவரை அந்த மரங்களுக்கு முன்னால் ஒரு படகுக் கொட்டகை இருந்தது. இன்று அந்த இடத்தில் சில கரிந்த தூண்களும் ஈரச் சாம்பலும்தான் இருந்தன.

இந்த முகாமை நடத்துபவரைத்தான் எல்லாரும் கேப்டன் என்பார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். எழுந்திருக்க ஒரு ஊதல், சாப்பிட ஒரு ஊதல், படுக்க ஒரு ஊதல். அவர் மனைவி கேப்டனம்மா ஆனதில் வியப்பில்லை. அந்த அம்மாவின் தம்பி படகோட்டி. கையில் துடுப்பு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவன் பெயரே துடுப்பு ஆகிவிட்டது.

அண்ணியும் அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான். கூட வந்த கொழுந்தன் வாய் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் முகாம் முழுக்க அவர் அண்ணியாகிவிட்டார். எரிந்துபோன கடை, கிடங்கு, வீடு இவற்றுக்குள் புகுந்து, தீ எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது அவர் வேலை. அந்த வேலையிலிருந்து கொஞ்ச நாள் தப்பிக்கத்தான் இந்த ஏரிக்கே வந்தார். வந்த இடத்திலும் விடவில்லை.

"உங்க தம்பிமேல அவருக்கு ஏன் சந்தேகம்?" என்று கேட்டார் அண்ணி.

"நேத்து எல்லாரையும் கூட்டிக்கிட்டு அவர் மலை ஏறப் போனார். நீங்களும் போனீங்களே. இங்க இருந்தது நானும் அவனும்தான். நான் சமையல் கூடத்துல இருந்தேன். புகை வாசனை வந்து ஓடி வந்து பார்த்தா கொட்டகை எரியுது, இவனைக் காணோம். கத்தினதுக்கு அப்புறம்தான் பாறைப் பக்கமிருந்து ஓடி வந்தான். எங்கடா போனேன்னா, விறகு பொறுக்கப் போனேன்னான். கையில ஒரு சுள்ளி இல்ல. தலையெல்லாம் ஈரம்." அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரருக்குப் பொய்தான் ஆகாது. பொய் சொல்றவன் கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேம்பார். போதாததுக்குச் சாம்பல்ல இவனோட சிகரெட் லைட்டர் கிடைச்சிருக்கு. சிகரெட்டை விட்டுட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினவன் அவன்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"என் தம்பி பொய் சொல்றான். அது எனக்கே தெரியுது. ஆனா நெருப்பு வைக்கல. அதுவும் தெரியுது. ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்கத்தான் எனக்குத் தெரியல."

"அதை நான் பார்க்கிறேன். நீங்க போய்க் கோப்பையை எடுத்துட்டு வாங்க," என்றார் அண்ணி.

கோப்பைகள் வருவதற்குள் கொழுந்தன் வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் அவசரம். முகாமில் மற்ற எல்லாரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பல் கிட்டி நிற்க, இவன் மட்டும் அரைக்கைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான்.

"என்ன கொழுந்தனாரே, குளிரலையா?"

"எனக்கென்ன குளிர்? எல்லாம் இடம் பார்த்து அடிக்கிறதுல இருக்கு அண்ணி. நீங்கல்லாம் ஏரி நல்லா தெரியணும்னு மணல்ல கூடாரம் போட்டீங்க, ராத்திரி பூரா நடுங்குறீங்க. நான் மறுநாளே கொட்டகைக்குப் பின்னாடி மாத்திட்டேன், காத்துக்கு மறைவா. முதல் நாள் ராத்திரி காத்து அடிக்குதுன்னு கேப்டன் கேம்ப் ஃபயரை அங்க போட்டாரே, அந்த அடிமரம்கிட்ட. அன்னிக்கே இடத்தைக் கண்ணு வச்சுட்டேன். உள்ள படுத்தா கதகதன்னு இருக்கு. கேப்டனம்மாவோட நாய்கூட சமையல் கூடத்தை விட்டுட்டு என் கூடாரத்து வாசல்லதான் படுக்குது. மனுஷன் குணம் நாய்க்குத் தெரியும்."

"இப்ப நாய் எங்க?"

"முந்தாநேத்தோட சரி. நேத்துக் காலையில என்ன கோபமோ, அடுப்படிக்கே திரும்பிப் போயிடுச்சு. ஒரு கால் பாதத்தை நக்கிக்கிட்டே உட்கார்ந்திருக்கு. முள்ளு குத்தியிருக்கும்."

"நேத்து கொட்டகை எரிஞ்சப்ப உன் கூடாரத்துக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஒரு பொறி விழல! காத்து ஏரிப் பக்கமா அடிச்சுது. ஒரே ஒரு தொல்லைதான். கொட்டகைப் பக்கத்துக் கூடார முளை மட்டும் நிக்க மாட்டேங்குது. அடிக்க அடிக்க மண்ணு பொலபொலன்னு உதிர்ந்து சாய்ஞ்சுடுது." அவன் குரலைத் தாழ்த்தினான். "அதை விடுங்க. கேஸ் நமக்குத்தானே? துடுப்புதான் பண்ணியிருப்பான். எனக்கு முதல்லயிருந்தே அவன்மேல ஒரு கண்ணு. படகுக்காரன்னு பேரு, தண்ணியில காலை நனைக்க மாட்டான். அன்னிக்குப் பிள்ளைங்க பந்து முழங்கால் ஆழத்துல மிதந்துச்சு. இறங்கி எடுக்கிறதுக்கென்ன? கரையில நின்னு துடுப்பாலே இழுக்கிறான். அப்படி ஒரு சோம்பேறி."

அதற்குள் கோப்பைகள் வந்தன; அண்ணி தனக்கு ஊற்றிக்கொண்டார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

எரிந்த கொட்டகை முன் கேப்டன் மார்பில் கை கட்டி நின்றிருந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடினவர் போல இருந்தார். அவருக்குப் பின்னால் மணலில், கற்களை வட்டமாக அடுக்கிய வழக்கமான நெருப்பிடம். அதன் பக்கத்தில் அவரே கைப்பட எழுதி நட்ட பலகை: 'தீயை மண்போட்டு மூடு. மேலே கல் வை. பிறகு தூங்கப் போ.'

"என் மனைவி உங்ககிட்ட வந்தாளா?" என்றார் கேப்டன்.

"வந்தாங்க."

"பாருங்க. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. இந்த முகாம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நெருப்பு விஷயத்துல நான் யாரையும் நம்பினதில்ல. விருந்தாளி மூட்டலாம், அணைக்கிறது நான்தான். மண்ணைத் தள்ளி, மண்வெட்டியால தட்டி, கல்லை வச்சுட்டுத்தான் படுப்பேன். இத்தனை வருஷத்துல ஒரு புல்லு கருகினதில்ல. கூடவே வச்சு சோறு போட்ட பையன் ஒரு சிகரெட்டுக்காகக் கொட்டகையையே கொளுத்திட்டான். துடுப்பு, கயிறு, மிதவைச் சட்டை ஒண்ணு மிஞ்சல. படகுங்க கரையில கவுத்து இருந்ததால பிழைச்சுது." அவர் குரல் உடைந்தது. "கொளுத்தினதைக்கூட மன்னிச்சிருப்பேன். மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்றானே!"

"லைட்டர் எங்க கிடந்துச்சு?"

வாசலை ஒட்டிய இடத்தைக் காட்டினார். அங்கே கருவிப்பெட்டியின் இரும்புப் பட்டைகள் மட்டும் கிடந்தன. அண்ணி குனிந்து, அந்த இடத்துத் தரைப்பலகை ஒன்றைப் பெயர்த்துப் புரட்டினார். மேற்பக்கம் கரி, அடிப்பக்கம் புது மரம் போல வெளுப்பு. அதை மெதுவாக வைத்துவிட்டு மூலைத் தூண்களைச் சுற்றி வந்தார். மூன்று தூண்கள் தலை கரிந்து, கால் உறுதியாக நின்றன. காட்டுப் பக்கத்துப் பின்மூலைத் தூண் மட்டும் கீழே விழுந்து கிடந்தது. அதற்குத் தலை அப்படியே இருந்தது. காலைத்தான் காணோம்.

"அண்ணி, அந்தத் தூணுக்கு மட்டும் கால் இல்லை பாருங்க," என்றான் கொழுந்தன்.

"பார்த்தேன். இந்தக் கொட்டகைக்கு மரம் எங்கிருந்து வந்துச்சு கேப்டன்?"

"அதோ, பின்னாடி இருக்கே பெரிய அடிமரம். அந்த ஒரே மரத்தை வெட்டித்தான் கட்டினோம். ஏன்?"

"சும்மா கேட்டேன்," என்றார் அண்ணி. அவர் சும்மா ஒன்றும் கேட்க மாட்டார் என்பது கொழுந்தனுக்குத் தெரியும். ஆனால் அடிமரத்துக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் மூளைக்கு எட்டவில்லை.

துடுப்பு படகுத்துறையில் தனியாக உட்கார்ந்து, நைலான் கயிறு ஒன்றைப் பிரிப்பதும் முறுக்குவதுமாக இருந்தான். கால்களைத் தண்ணீருக்கு மேலே மடித்து வைத்திருந்தான்.

"தம்பி, அந்த லைட்டர் உன்னோடதா?"

"என்னோடதுதாங்க. சிகரெட்டுக்கு இல்ல." கயிற்றின் நுனியைக் காட்டினான். அது உருகி இறுகி மொட்டு போல் இருந்தது. "இப்படிச் சுட்டு வைக்கலைன்னா கயிறு பிரிஞ்சு போயிடும். அதுக்குத்தான் பெட்டியில போட்டு வச்சிருந்தேன். மாமாகிட்ட சொன்னேன், காதுல வாங்கல."

"சரி. நேத்து எங்க இருந்தே?"

"விறகு பொறுக்க..." அவன் பாதியில் நிறுத்தினான். அவன் முகம் சுருங்கியது. "அதை மட்டும் கேட்காதீங்க. நெருப்பு நான் வைக்கல. அக்கா மேல சத்தியம்."

"அக்கா ஜீப்புல ஏறி உன்கூட வர்றேங்கிறாங்களே, தெரியுமா?"

துடுப்பின் கையிலிருந்து கயிறு நழுவியது. அழுவான் போலிருந்தான். 

அதற்குள் பாறைப் பக்கம் போயிருந்த கொழுந்தன் அங்கிருந்தே கத்தினான். ஓடி வந்தவன் கையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஒன்று சொட்டச் சொட்டத் தொங்கியது. அண்ணியைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் மூச்சு வாங்கினான்.

"மாட்டிக்கிட்டான் அண்ணி! பாறைக்குப் பின்னாடி ஒரு சின்ன குடா இருக்கு, இடுப்பளவு தண்ணிதான். அங்க மரக்கிளையில ஒளிச்சு வச்சிருக்கான். எல்லாச் சட்டையும் எரிஞ்சுபோச்சுன்னாரே கேப்டன், இது மட்டும் எப்படித் தப்பிச்சுது? கொட்டகை எரியப்போகுதுன்னு தெரிஞ்சவன்தானே முன்னாடியே எடுத்து வைப்பான்?"

அண்ணி சட்டையைப் பிழிந்து பார்த்தார். உள்ளே இருந்த பஞ்சுவரை தண்ணீர் ஊறியிருந்தது. நெஞ்சுப் பட்டை கடைசித் துளைவரை இறுக்கிக் கட்டிய தடத்தோடு இருந்தது.

"கொட்டகையில இருந்து ஒரே ஒரு பொருளைக் காப்பாத்தணும்னா நீ எதை எடுப்பே?"

"விலை அதிகமானதை எடுப்பேன். புதுத் துடுப்பு, பெரிய கயிறு..."

"பழைய மிதவைச் சட்டையை?"

"எடுக்க மாட்டேன்."

"இது எரியாம காப்பாத்தினது இல்ல. போட்டுக்கிட்டு இருந்தது. இதை எடுத்த இடத்துலயே மாட்டிடு. யார்கிட்டயும் சொல்லாதே. இது அந்தப் பையனோட ரகசியம், நம்ம கேஸ் இல்ல."

"அப்ப நம்ம கேஸ்?"

"நீ அது மேல படுத்துத் தூங்கிக்கிட்டிருக்கே," என்றார் அண்ணி.

ரேஞ்சர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஜலதோஷம் பிடித்த மனிதர். தும்மிக்கொண்டே ஜீப்பிலிருந்து இறங்கி, கேப்டன் போட்ட நாற்காலியில் அமர்ந்தார். கேப்டனம்மா ஒரு சின்னத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பியை ஒட்டி நின்றார். பையைப் பார்த்த கேப்டன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயா, எழுதறதுக்கு முன்னாடி கொட்டகைக்குப் பின்னாடி வந்து ஒரு விஷயம் பார்த்துடுங்களேன். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்," என்றார் அண்ணி.

கொழுந்தனின் கூடாரம் அடிமரத்துக்கும் எரிந்த மூலைக்கும் நடுவில் இருந்தது. எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். அண்ணி எப்போதும்போல அவசரமில்லாமல் பேசினார்.

"நெருப்பு மேலே ஏறும். அதனால அது எங்க பிறந்துச்சோ அங்கதான் அடி அதிகமா எரிஞ்சிருக்கும். லைட்டர் கிடந்த வாசல் பக்கத்துல பலகையோட மேல்பக்கம்தான் கரிஞ்சிருக்கு, அடிப்பக்கம் புதுசா இருக்கு. அங்க நெருப்பு விருந்தாளியா வந்திருக்கு, பிறக்கல. மூணு தூணுக்குக் கால் இருக்கு, தலை கரிஞ்சிருக்கு. பின்மூலைத் தூணுக்கு மட்டும் தலை இருக்கு, கால் போயிடுச்சு. அப்படின்னா நெருப்பு அந்தத் தூணுக்குக் கீழயிருந்து வந்திருக்கு."

"கீழ மண்ணுதானே இருக்கு?" என்றார் ரேஞ்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மண்ணும் இருக்கு, செத்துப்போன வேரும் இருக்கு. அந்த அடிமரத்தோட வேர். அது மேலதான் அந்தத் தூண் நின்னுச்சு. முதல் நாள் ராத்திரி காத்து அடிச்சதால கேம்ப் ஃபயரை மணல்ல போடாம அடிமரத்து ஓரமாப் போட்டாங்க. அதுக்கு மறுநாள்லேர்ந்து என் கொழுந்தனார் இங்க படுக்கிறார். முகாமே குளிர்ல நடுங்குது, இவருக்கு மட்டும் கதகதன்னு இருக்கு. நாய் அடுப்பை விட்டுட்டு இங்க வந்து படுக்குது. நேத்துக் காலையில பாதம் வெந்து திரும்பிப் போயிடுச்சு. முளை அடிச்சா மண்ணு உள்வாங்குது, ஏன்னா அடியில வேர் எரிஞ்சு பொந்தாயிடுச்சு."

கொழுந்தன் தன் காலடியைப் பார்த்தான். பிறகு மெதுவாக, யாருக்கும் தெரியாமல் நகர்வதாக நினைத்துக்கொண்டு, ஓரடி பின்னால் போனான்.

"இது வெறும் பேச்சுதானே?" என்றார் கேப்டன். ஆனால் அவர் குரலில் பழைய கண்டிப்பு இல்லை.

"அதனாலதான் காலையிலேயே ஒரு வேலை பண்ணினேன்," என்று குனிந்தார் அண்ணி. கூடாரத்தின் ஓரத்தில் ஓர் இரும்பு முளை மண்ணுக்குள் தலைவரை இறங்கியிருந்தது. கைக்குட்டையைச் சுற்றி அதை வெளியே இழுத்தார். அந்தத் துளையிலிருந்து நூல் போலப் புகை வந்தது. முளையைக் கேப்டன் முன் நீட்டினார். அவர் அதை வெறுங்கையால் தொட்டுப் பார்த்து, சட்டென்று கையை உதறினார்.

 ரேஞ்சர் அந்தத் துளையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்த கேம்ப் ஃபயரை சரியா அணைக்காம விட்டது யாரு?"

அண்ணி வாயைத் திறக்கவில்லை. அவர் பார்வை அடிமரத்தின் ஓரம் போய் நின்றது. அங்கே மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்திய ஒரு சிறிய மேடு. உச்சியில் ஒரு கல், அளந்து வைத்தது போல நடுவில். முகாமில் யாருக்கும் அது யார் கைவேலை என்று சொல்லத் தேவையில்லை.

கேப்டன் அந்த மேட்டருகே போய் மண்டியிட்டார். கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். கையாலேயே மண்ணைத் தோண்டினார். நாலு விரல் ஆழம் போவதற்குள் கரியின் நடுவே சிவப்பாக ஒன்று கண் விழித்தது. அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மணல்ல மூடினா செத்துடும்," என்றார், யாரையும் பார்க்காமல். "மணல்ல எரியறதுக்கு ஒண்ணுமில்ல. அதே பழக்கம். இங்கயும் மண்ணுன்னே நினைச்சேன். இது மண்ணா? சருகும் மக்கின வேரும். நெருப்பை மூடல நான். சோறு போட்டுப் படுக்க வச்சிருக்கேன்." எழுந்து ரேஞ்சரைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். "எழுதிக்குங்க. கொட்டகையை எரிச்சது நான்."

கேப்டனம்மாவின் தோளிலிருந்து பை இறங்கியது. அவர் கணவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேப்டன் மைத்துனன் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடுடா. ஆனா ஒண்ணு சொல்லு. தப்பே பண்ணலையே, அப்புறம் எதுக்குடா பொய் சொன்னே? அந்த ஒரு பொய்தானே என் கண்ணை மறைச்சுது."

துடுப்பு அண்ணியைப் பார்த்தான். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அண்ணியின் முகம் கட்டாயப்படுத்தவில்லை. அதனாலோ என்னவோ, அவனே சொன்னான்.

"எனக்கு நீச்சல் தெரியாது மாமா."

"படகோட்டிக்கா?" என்று கேட்டுவிட்டு ரேஞ்சர் தும்மினார்.

"வேலைக்கு வர்றப்ப நீங்க கேட்டீங்க, தெரியும்னு சொல்லிட்டேன். அக்கா வீட்டுல உட்கார்ந்து சாப்பிடறவன்னு பேர் வரக் கூடாதேன்னு. போன மாசம் அந்தக் குழந்தை படகுத்துறையில விழுந்துச்சே. நான் துடுப்பை நீட்டினேன். சமயோசிதம்னு எல்லாரும் தட்டிக் கொடுத்தீங்க. சமயோசிதம் இல்ல மாமா, பயம். அது எட்டிப் பிடிச்சதால பொழச்சுது. பிடிக்காம இருந்திருந்தா நான் கரையில நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்திருப்பேன். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க எல்லாரும் போனதும் குடாவுல இறங்கி, சட்டையைக் கட்டிக்கிட்டு, தனியா கையைக் காலை அடிச்சுப் பழகுறேன். நேத்தும் அங்கதான் இருந்தேன். இதைச் சொன்னா நீங்க வேலையை விட்டு அனுப்பிடுவீங்க. பொய் சொல்றவன் கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேம்பீங்களே."

கேப்டன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். 

"போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டாடா. நாக்கு வறண்டு கிடக்கு," என்றார்.

துடுப்பு ஓடினான். கொண்டுவந்த தண்ணீரை அவன் கையாலேயே வாங்கி, எல்லாரும் பார்க்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார் கேப்டன். கேப்டனம்மா அப்போது அழுதது காலையில் அழுத அழுகை இல்லை.

"நான் எழுதித்தான் ஆகணும்," என்றார் ரேஞ்சர், கொஞ்சம் சங்கடத்தோடு. "நெருப்பு போடுற அனுமதி இந்த வருஷம் போயிடும், அபராதமும் இருக்கும். ஆனா யாரையும் ஜீப்புல ஏத்துற வேலை இல்ல. முதல்ல அந்த வேரை அணைங்க. அது இன்னும் எந்தப் பக்கம் போயிருக்கோ!"

அதன்பின் பொழுது சாயும்வரை முகாம் முழுவதும் வாளியும் மண்வெட்டியுமாக இருந்தது. வேர் போன வழியெல்லாம் தோண்டி, தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றினார்கள். ஒரு கிளை வேர் காட்டுப் பக்கமாகத் திரும்பி, உயரமான மரம் ஒன்றின் அடியை எட்டப் பார்த்திருந்தது. துடுப்பை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் கேப்டன் ஒவ்வொரு குழியிலும் வெறுங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் விசில் ஊதினார்.

மறுநாள் காலை கொழுந்தன் இரண்டு போர்வைகளைச் சுற்றிக்கொண்டு, மணலில் போட்டிருந்த புது இடத்துக் கூடாரத்திலிருந்து வெளியே வந்தான். மூக்கு சிவந்திருந்தது.

"ராத்திரி எப்படி இருந்துச்சு கொழுந்தனாரே?"

"குளிருச்சு அண்ணி. அப்படி ஒரு குளிர். நிம்மதியா குளிருச்சு." அவன் நாற்காலியில் சுருண்டுகொண்டான். "ஒண்ணு கேட்கணும். அந்த மேட்டை மூடினது யாருன்னு உங்களுக்குத் தெரியும். ரேஞ்சர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா அவர் மாட்டிக்கிட்டவரா இருந்திருப்பார். அவரே சொன்னதால இப்பவும் கேப்டனா இருக்கார்."

அவன் அதை யோசித்துக்கொண்டிருந்தபோது கேப்டனம்மா தேநீரோடு வந்தார். இந்த முறை கோப்பைகளும் இருந்தன. விரல்களில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கரையில் பழைய பலகை வெள்ளையடித்துக் காயவைக்கப்பட்டிருந்தது. புதிய எழுத்துகளில் ஒரு வரி மட்டும் முடிந்திருந்தது: 'தண்ணீர் ஊற்று. கிளறு. கையால் தொட்டுப் பார்.'

"அங்க பாருங்க," என்று ஏரியைக் காட்டினார்.

துறைக்கு அந்தப் பக்கம், நெஞ்சளவு தண்ணீரில் கேப்டன் நின்றிருந்தார். வாயில் விசில். அவர் உள்ளங்கைகளின் மேல் துடுப்பு குப்புறப் படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தான். உடம்பில் மிதவைச் சட்டை இல்லை.

"விட்றாதீங்க மாமா! விட்றாதீங்க!"

"விடலடா," என்றார் கேப்டன், விசிலை எடுத்துவிட்டு. "நல்லா பிடிச்சிருக்கேன். நீ அடி."

கேப்டனம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கேப்டனின் இரண்டு கைகளும் தண்ணீருக்கு வெளியே, அவர் தலைக்கு மேலே இருந்தன.